குத்தூசி போட்ட புத்தகங்கள்

ஜனவரி 8

காலையில் பனி. குடோன் ஷட்டரில் கை வைத்தால் ஜில்லென்று இருக்கிறது. மக்காச்சோளம் வர ஆரம்பித்துவிட்டது, எல்லாம் ஈரம். வெயில் ஏறட்டும் என்று இரண்டு பேரைத் திருப்பி அனுப்பினேன்.

இது உரக்கடையில் கொடுத்த டைரி. எழுத வேண்டும் என்று இதுவரை தோன்றியதில்லை. இன்று எழுதியாக வேண்டும். நேற்று ஒரு பொய் சொல்லிவிட்டேன். சின்னப் பொய் இல்லை. மைக்கில்.

மகள் கயல் படிக்கும் பள்ளியில் ஆண்டு விழா. 'சொந்தக் காலில் நின்ற பெண்மணி' என்று அவள் அம்மாவையே கூப்பிட்டிருந்தார்கள். சால்வை, கேடயம், ஆறிப்போன சமோசா. களை பறித்தது, அறுத்த காட்டில் சிந்திக் கிடந்த கதிரைப் பொறுக்கி விற்றது, அப்புறம் சைக்கிளில் மூட்டை, இப்போது பெரம்பலூரில் துறையூர் ரோட்டில் சொந்த குடோன், எல்லாம் சொன்னேன். அதுவரை ஒரு சொல் பொய் இல்லை. முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்தாள். "மேடம், நீங்க என்ன புக்கெல்லாம் படிப்பீங்க?"

எட்டாவதோடு நின்றவள் நான். அதற்குப் பிறகு படித்தது பேப்பர், பஸ் போர்டு, எடைச்சீட்டு. அதையே சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது வேறு. "வருஷத்துக்கு ஒரு அம்பது படிச்சிருவேம்மா."

கைதட்டல் கூரையைத் தூக்கியது.

திரும்பும்போது மினி லாரியில் மூன்று பேரும். வீட்டுக்காரர் ஓட்ட, நடுவில் கயல்.

"அம்பதாம்மா?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னதுடி."

"சோளத்த ஒரு பேச்சுக்கு அம்பது மூட்டன்னு சொல்லுவியா?"

அவர் சிரித்த சிரிப்பில் வண்டி ஆஃப் ஆகிவிட்டது. குரும்பலூர் திருப்பத்தில், பின்னால் பஸ்காரன் ஹாரன் அடிக்க.

ப்ளஸ் டூ முடித்து இவள் பி.காம். சேர வேண்டும், கடைக்கு வர வேண்டும். இது என் கணக்கு. அவளுக்குத் திருச்சியில் ஹாஸ்டலில் தங்கி ஜியாலஜி. எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் கல்லுப் படிப்பு. ஒரு வருடமாகச் சண்டை. நேற்று வண்டியிலேயே அவள் பேரம் பேசினாள். என் பெண் அல்லவா.

"வருஷத்துக்கு அம்பதுன்னா ரிசல்ட்டு வர்றதுக்குள்ள பதினாறு. நீ பதினாறு முடிச்சிட்டா நான் வாயத் தெறக்காம பி.காம். முடிக்கலன்னா கல்லு. நீ வாயத் தெறக்கக் கூடாது."

"பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க," என்றார் அவர்.

"படிச்சேனா இல்லியான்னு யாரு பாக்கறது?"

"எதுக்குப் பாக்கணும்? நீ சொன்னா மார்க்கெட்டே நம்புது. நான் நம்ப மாட்டனா?"

அந்த ஒன்றுதான் கொஞ்சம் உறுத்துகிறது. மற்றபடி நல்ல பேரம்.

ஜனவரி 10

மாலை, நூலகம். எத்தனையோ தடவை அந்த வாசலைத் தாண்டிப் போயிருக்கிறேன். உள்ளே போனது இன்றுதான். பழக்கத்தில் செருப்பைக் கழற்றிவிட்டேன். வேறு யாரும் கழற்றவில்லை. திரும்பப் போய்ப் போட்டுக்கொள்ளவும் கூச்சம்.

அடுக்கடுக்காக, கைக்கு எட்டாத உயரம் வரை. மூட்டை அடுக்கிப் பழகிய கண் எனக்கு, பார்த்ததும் எத்தனை என்று சொல்லிவிடும். இங்கே சொல்லவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆள் உட்கார்ந்து எழுதியிருக்கிறான். யாரும் ஆர்டர் கொடுக்கவில்லை. வாங்க ஆள் வருமா என்று தெரியாது. முன்பணம் கிடையாது. இத்தனை பேர் இப்படி ஒரு வேலையைச் செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள். வியாபாரி புத்திக்கு இது பைத்தியக்காரத்தனம். ஆனால் நடுவில் நின்றபோது, ஆள் இல்லாத பிராகாரத்தில் நிற்கிற மாதிரி உடம்பு குளிர்ந்தது.

நூலகர் ஜமீலா மேடம். ஊர் லப்பைக்குடிக்காட்டுப் பக்கம்.

"யாருக்கும்மா, பொண்ணுக்கா?"

"எனக்குத்தாங்க."

"மாஷா அல்லாஹ். என்ன மாதிரி வேணும்?"

"மெலிசா இருக்கறதா பதினாறு."

சிரிக்கவில்லை. நல்ல மனுஷி. ஒரு தடவைக்கு இத்தனைதான் என்று கணக்கு உண்டாம். கார்டு போட்டுக் கொடுத்தார்.

ஜனவரி 13

போகி. ஊரெல்லாம் புகை.

வாய் அசையாமல் எனக்குப் படிக்க வரவில்லை. ஒரு பக்கம் முடிப்பதற்குள் ஒரு வண்டிச் சோளம் எடை போட்டுவிடலாம். கண்ணாடி மருந்துக்கடையில் வாங்கியது, மூக்கில் நிற்கவில்லை. பத்துப் பக்கம் போனதும் முதல் பக்கத்தில் வந்தவன் யார் என்று மறந்துபோய் மறுபடி ஆரம்பம்.

அவர்: "ஏ செல்வி, பழையதெல்லாம் கொளுத்தறாங்க. இதையும் போட்டுருவமா?"

கரும்பு வாங்க வேண்டும். மஞ்சள் கொத்து. பால்காரர் பாக்கி.

ஜனவரி 21

பொங்கல் முடிந்து வரத்து ஜாஸ்தி. தூசி, இருமல்.

இன்று வந்த ஒரு லோடில் மேல் மூட்டை தங்கம். சாம்பிள் எடுக்கிற குத்தூசியை நடுவில் செருகி இழுத்தேன். குழாயில் வந்தது பூஞ்சை. "அண்ணே, இது யாரு வீட்டு வேலை?" என்றேன். கொண்டுவந்தவர் தலையைச் சொறிந்தார். "பய அடுக்குனது, பாக்கலக்கா."

அப்போதுதான் உறைத்தது. இருபது வருடமாக நான் எந்த மூட்டையையாவது முழுக்கக் கொட்டிப் பார்த்திருக்கிறேனா? மேலே ஒரு குத்து, நடுவில் ஒரு குத்து, அடியில் ஒரு குத்து. பல்லில் ஒரு முத்தை வைத்துக் கடித்தால் ஈரம் தெரிந்துவிடும். மீட்டரே அப்புறம்தான். என் கை தப்புச் சொன்னதில்லை. புத்தகத்தை மட்டும் எதற்கு முத்து முத்தாகப் பொறுக்குகிறேன்?

மேலே நாலு பக்கம். நடுவில் நாலு. அடியில் நாலு. சாயங்காலமே இரண்டு முடிந்தது.

பிப்ரவரி 6

வெயில் சுள்ளென்று. கயலுக்கு ரிவிஷன் டெஸ்ட்.

இதுவரை:

பு.1. முன்னேறுவது எப்படி. நன்றாகக் காய்ந்த சரக்கு, சத்தில்லை.
பு.2. ஊறுகாய், வற்றல். குறை சொல்ல முடியாது.
பு.4. ராஜா கதை. மேலே சண்டை, நடுவில் சண்டை, அடியில் கல்யாணம்.
பு.5. ஒரு தையல்காரி கதை. கடைசி வரி 'அவள் கதவைச் சாத்தினாள்.' யார் வீட்டில்தான் சாத்தவில்லை? சப்.
பு.7. கவிதை. மூட்டையில் பாதி காற்று.

பு.3, 6 என்ன என்று மறந்துவிட்டது. முடிந்தது முடிந்ததுதான்.

கயல் கேட்டாள். "ஏழு" என்றேன். கண்ணை விரித்தாள். "நெசமாவா?" அவள் முகம் கொஞ்சம் வாடியதைப் பார்த்தேன். பேரம் என்றால் ஒருவர் முகம் வாடத்தான் செய்யும்.

பிப்ரவரி 15

கயலே ஒரு புத்தகம் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். மண்ணும் கல்லும் எப்படி வந்தது என்று. அட்டை கிழிந்து ஒட்டியிருந்தது.

"இதையும் உன் கணக்குல சேத்துக்கம்மா. மெலிசுதான்."

எனக்கு லாபமான காரியத்தை இவள் எதற்குச் செய்கிறாள் என்று ஒரு சந்தேகம். இருந்தாலும் எடுத்தேன். மேலே நெருப்புக் குழம்பு, தூசி. நடுவில் வாயில் நுழையாத வெள்ளைக்காரப் பெயர்கள். அடியில் அருஞ்சொல் பட்டியல். அவள் தலை பின்னி முடிப்பதற்குள் ஆயிற்று.

"எப்படிம்மா இருக்கு?"

"பதர்."

"அதுக்குள்ளயா?"

"என் கை பொய் சொல்லாது."

புத்தகத்தைத் துப்பட்டாவால் துடைத்தாள். அதில் தூசி ஒன்றும் இல்லை. பைக்குள் வைத்துக்கொண்டு போனாள்.

இன்று எட்டு.

மார்ச் 4

எழுதவே கை வரமாட்டேன் என்கிறது. நடந்ததை அப்படியே.

நாமக்கல் கோழித்தீவன லாரி காலையில் வர வேண்டியது, வரவில்லை. டயர் பஞ்சராம். லோடுமேன்கள் நிழலில் படுத்துவிட்டார்கள். கை சும்மா இருந்தால் எனக்குப் பிடிக்காது. மேஜையில் எடைச்சீட்டு பறக்காமல் இருக்க ஒரு புத்தகம் வைத்திருந்தேன். பு.5, தையல்காரி. திருப்பிக் கொடுக்க மறந்தது. எடுத்து, வேறு வழியில்லாமல், முதல் பக்கத்திலிருந்து.

ஒரு சின்ன ஊர். தனியாகத் தையல் மிஷின் ஓட்டிப் பிழைக்கும் ஒருத்தி. தம்பி கோபித்துக்கொண்டு போனவன் வரவில்லை. அவன் வந்தால் தட்டிவிட்டுக் காத்து நிற்கக் கூடாது என்று கதவைத் திறந்தே வைக்கிறாள். மழையில், காய்ச்சலில், திருடன் பயத்தில். திறந்த கதவு என்று ஊரில் எல்லாரும் உள்ளே வருகிறார்கள். கடன் கேட்க, அழ, பழி சொல்ல, பிள்ளையைத் தூங்கப்போட. அவளுக்கு வயதாகிக்கொண்டே போகிறது.

லாரி வந்திருக்கிறது. எனக்குத் தெரியாது. டிரைவர் வந்து நின்றிருக்கிறான், தெரியாது.

"யக்கா! லோடு ஏத்தறீங்களா, இல்ல காலியாவே போவட்டா?"

"டீ குடிச்சிட்டு வாப்பா."

"குடிச்சாச்சுக்கா. ரெண்டு குடிச்சாச்சு."

"வடை சாப்பிடு."

லோடுமேன் சின்னசாமி மற்றவனிடம் சொன்னது காதில் விழுந்தது. "யாரோ செத்துப்போயிட்டாங்க போலருக்குடா. அக்கா மொகத்தப் பாரு."

கடைசிப் பக்கம். கடைசி வரி. 'அவள் கதவைச் சாத்தினாள்.'

மூட்டை அடுக்குக்குப் பின்னால் போய் நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்தேன். அதே வரி. ஒரு எழுத்து மாறவில்லை. சப் என்று நானே எழுதிவைத்த அதே வரி. இப்போது அதைத் தூக்க முடியவில்லை. வரியில் இல்லை கனம். முன்னால் திறந்து கிடந்த அத்தனை நாளில் இருக்கிறது.

இல்லாத ஒருத்தி. இல்லாத ஊர். இல்லாத கதவு. எடைக்கல்லில் ஒரு பொட்டுக் குறைந்தால் கண்டுபிடிக்கிற என்னை, வெறும் மையை வைத்து இப்படிச் செய்துவிட்டார்கள். கோபம்கூட வந்தது. அப்புறம் கோபம் இல்லை. வேறு என்னமோ. கும்பிட வேண்டும் போல.

லோடு ஏற மாலை ஆகிவிட்டது. டிரைவர் முணுமுணுத்தபடியே போனான்.

மார்ச் 5

கயலுக்குப் பரீட்சை. மொழிப்பாடம். எளிதாம்.

சாப்பிடும்போது அவரிடம் சொன்னேன். அவர் எப்போதும் என் பக்கம்தான்.

"சாம்பிள் பாத்துத்தான வாங்குற. சாம்பிள் பாத்துத்தான விக்குற. புக்குக்கு மட்டும் என்ன தனிச் சட்டம்?"

"மூட்டைல எல்லா முத்தும் ஒரே மாதிரிங்க. இங்க ஒரு பக்கத்தப் பாத்து அடுத்த பக்கத்தச் சொல்ல முடியல."

"அப்ப ஏழு, எட்டுன்னு சொன்னதெல்லாம்?"

சாம்பார் இன்னும் கொஞ்சம் ஊற்றினேன்.

நான் யோக்கியம் பேசவில்லை. பி.காம். சேர்ந்தால் இவள் இங்கே என் கண் முன்னால். தராசு, ஆள், சொத்து எல்லாம் தயாராக இருக்கிறது. கல்லைக் கட்டிக்கொண்டு என்ன செய்வாள்? வெயிலில் சுத்தியலோடு திரிவாளா? போட்டி என்றால் போட்டி. குத்தூசியைக் கீழே போடவில்லை. இன்றைய தேதிக்குப் பன்னிரண்டு.

ஏப்ரல் 11

கத்திரி வருமுன்பே இந்தக் காய்ச்சல். தார் இளகுகிறது.

அரியலூர் தாண்டி வேலுசாமி அண்ணன் காட்டுக்கு, கிணற்று இறவைச் சோளம் பார்க்க. வருடா வருடம் போகிற காடு. வீட்டுக்காரர் ஓட்டினார். வழியெல்லாம் சுண்ணாம்புக்கல் லாரி, வெள்ளைத் தூசி. சிமெண்ட் ஆலைப் புகைபோக்கி தூரத்தில்.

களத்தில் சோளம் குவித்துத் தார்ப்பாய் போட்டு, காற்றுக்குத் தூக்காமல் சுற்றிலும் கல் வைத்திருந்தார் அண்ணன். குத்த இடம் வேண்டும் என்று ஒரு கல்லைக் காலால் புரட்டினேன். புரண்டது.

ஆட்டுக்கிடாய்க் கொம்பு மாதிரி ஒரு சுருள். உள்ளங்கை அகலம். வரி வரியாக, யாரோ உட்கார்ந்து செதுக்கிய மாதிரி. பக்கத்தில் சின்னச் சின்னதாகச் சிப்பி, கல்லோடு கல்லாக.

"அண்ணே, இது யாரு செதுக்குனது?"

"செதுக்கறதா! கெணறு வெட்டுனப்ப வண்டி வண்டியா வந்துச்சுங்க. அது உசுரோட இருந்ததாம். கடல்ல கெடந்ததாம்."

"கடலா? இங்கயா?"

"இங்கதான் கடலு. காலேஜுப் புள்ளைங்க வந்து போட்டோ புடிச்சிட்டு, தொட்டுத் தொட்டுப் பாத்துட்டுப் போவுதுங்க. உங்களுக்குத் தெரியாதா? வருசா வருசம் வர்றீங்களே!"

வருடா வருடம் வருகிறேன். இதே கல்லைக் காலால் தள்ளியிருப்பேன். சோளத்தைப் பார்த்தேன், அதைப் பார்க்கவில்லை.

"எத்தன வருஷமாண்ணே கெடக்குது?"

"தார்ப்பாய் மேலயா? நாலு வருசம். கெணத்துக்குள்ள கெடந்தத நீங்களே கணக்குப் போட்டுக்கங்க, கணக்குல புலி ஆச்சே." சிரித்தார். கேட்டதும் தூக்கி வண்டியில் வைத்தார். கல்லுக்கு விலையா என்றார்.

சோளம் என்ன விலைக்கு முடித்தேன் என்று சரியாக நினைவில்லை. வீட்டுக்காரர்தான் பேசியிருக்க வேண்டும். மடியில் கல். பெரம்பலூர் வரும்வரை இறக்கவில்லை.

ஏப்ரல் 12

நூலகத்தில், மண்ணும் கல்லும் பற்றி அட்டை கிழிந்த ஒன்று இருக்குமே என்று கேட்டேன்.

ஜமீலா மேடம் சிரித்தார். "அது லைப்ரரியில எங்கம்மா இருக்கு? உங்க பொண்ணுகிட்டதான். ப்ளஸ் ஒன்லேர்ந்து. கெடு முடிஞ்சா கொண்டாந்து வைக்கும், அன்னைக்கே மறுபடி எடுத்துட்டுப் போவும். வேற யாரும் கேக்கல. நானும் விட்டுட்டேன்."

நேராக வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அவள் எனக்குக் கணக்கில் சேர்க்கக் கொடுக்கவில்லை. தன்னிடம் இருந்ததில் நல்லதை எடுத்து என் முன்னால் வைத்திருக்கிறாள். அவளுக்கு எதிராகவே ஒரு எண்ணிக்கை கூடினாலும் பரவாயில்லை என்று. நான் பதர் என்றேன்.

கயல் ஒரு வாரம் சிநேகிதி வீட்டுக்குப் போயிருந்தாள். பரீட்சைதான் முடிந்துவிட்டதே. அலமாரியில் இருந்தது. எடுத்தேன். முதல் பக்கம்.

ஏப்ரல் 18

ஆறு நாளாக வேறு எதுவும் எழுதவில்லை. வாயசைத்தே படித்தேன். சின்னசாமி பார்த்தான், பார்க்கட்டும்.

ஓரம் கறுத்த பக்கங்கள் நடுவுக்கும் அடிக்கும் இடையில் இருந்தன. எந்தப் பக்கத்தில் அதிகம் கை பட்டிருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? என் குத்தூசி சரியாக அதைத் தாண்டிப் போயிருக்கிறது. அங்கேதான் இருந்தது. அரியலூர். நம் பக்கத்து ஊர்ப் பெயர், அச்சில். கடல் ஏறி வந்தது, இருந்தது, இறங்கிப் போனது. மனுஷன் என்று ஒருத்தன் வருவதற்குக் கோடிக்கணக்கான வருடம் முன்னால். செத்த உயிர்களின் ஓடு அடியில் தங்கித் தங்கிச் சுண்ணாம்புக்கல் ஆனது. அதை வெட்டித்தான் சிமெண்ட்.

அந்த வரியில் நின்றுவிட்டேன்.

எழுந்து குடோன் சுவரில் கை வைத்தேன். பூச்சு உதிர்ந்த இடம், கொஞ்சம் சொரசொரப்பு. இந்தச் சுவருக்கு ஒவ்வொரு மூட்டை சிமெண்டும் நான் பேரம் பேசி வாங்கியது. என் சம்பாத்தியம், என் சுவர் என்று எத்தனை பேரிடம் தட்டிக் காட்டியிருக்கிறேன். சிப்பி. நத்தை. பெயர் தெரியாத சுருள். கணக்கில்லாத உயிர் இருந்து, செத்து, அமுங்கி, பொடியாகி, என் சோளம் நனையாமல் நின்றுகொண்டிருக்கிறது.

வெளியே வந்தேன். துறையூர் ரோடு. பஸ், டூவீலர், இளநீர் வண்டி. இந்த மண்ணும் பக்கத்து மண்தான். அந்தக் கடல் எது வரைக்கும் வந்திருக்கும்? என் தலைக்கு மேலே எத்தனை ஆள் உயரத் தண்ணீர்? அண்ணாந்து பார்த்தேன். இளநீர்க்காரர் கேட்டார்: "என்னக்கா, மழ வருமா?"

"வரும்ண்ணே," என்றேன். என்னவென்று சொல்வது.

எனக்கு நாற்பத்தெட்டு வயது. நேற்றுவரை இந்த ஊரில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாதது இல்லை என்று நினைத்திருந்தேன்.

மே 8

காலை 9.30 ரிசல்ட் என்று சொல்லி, போனில் வட்டம் சுற்றிச் சுற்றி, கடைசியில் வந்தது. நல்ல மார்க். கேசரி. அவர் தெருவுக்கே சாக்லேட்.

இட்லி வைத்துக்கொண்டு உட்கார்ந்ததும் கயல் நேராகக் கேட்டாள். மதியத்துக்குள் விண்ணப்பம் போட வேண்டுமாம்.

"சொல்லும்மா. எத்தன?"

"ரெண்டு."

அவர் தட்டிலிருந்து நிமிர்ந்தார். "ஏ, போன மாசமே பதினேழுன்னியே!"

"சாம்பிள் பதினேழு. இறக்குனது ரெண்டு லோடுதாங்க."

இவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். முகம் சிவந்துவிட்டது.

"எனக்காகக் கொறைக்கிறியா? பாவம் பாக்கறியா? வேண்டாம்மா. பதினாறு படிச்சிருந்தீன்னா நான் சொன்ன வார்த்தைல நிப்பேன். பி.காம். போறேன்."

"இல்லடி, நெசமா ரெண்டுதான்."

"பொய்."

வாழ்க்கையில் முதல் தடவை, எடையைக் குறைத்துச் சொன்னதற்காக ஒருத்தி என்னைப் பொய்க்காரி என்கிறாள். என் பெண்ணே. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவளுக்குக் கோபம் இன்னும் ஏறிவிட்டது.

"சரி. நீயே குத்திப் பாரு," என்றேன்.

நூலகக் கார்டைப் பார்த்து ஒவ்வொன்றாகக் கேட்டாள். ராஜா கதையில் ராஜா பெயர்? தெரியாது. எந்த நாடு? தெரியாது. "ஒரு கல்யாணம் நடக்கும்." யாருக்கு? "அதான் தெரியல." முன்னேறுவது எப்படி? "காலைல எந்திரிக்கணும்." அப்புறம்? "அப்புறம் அடிப்பக்கம் வந்துருச்சு." அவருக்கு இட்லி புரையேறிவிட்டது. இவளும் சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டாள். அத்தனையிலும் ஃபெயில். என் பெண்ணிடம் பரீட்சை எழுதி இவ்வளவு பெருமையாக யாரும் தோற்றிருக்க மாட்டார்கள்.

கடைசியாக, மெதுவாக, "அந்தக் கல்லு புக்கு?"

அதற்குத்தான் காத்திருந்தேன் போல. கடல் எப்படி வந்தது, எப்படி இறங்கியது, அந்தச் சுருளுக்குள் அறை அறையாக எப்படி இருக்கும், அது வெளி அறையில் குடியிருந்துகொண்டு பழைய அறைகளை எப்படி மூடிக்கொண்டே போகும், வேலுசாமி அண்ணன் கிணறு, நம் சுவர், எல்லாம். கையை ஆட்டி ஆட்டி. சட்னி கையிலேயே காய்ந்துபோனது. ஒரு இடத்தில் தப்பாகச் சொன்னேன், அவள் திருத்தினாள், நான் விடவில்லை, புத்தகம் எடுத்துப் பார்த்தோம். அவள் சொன்னதுதான் சரி.

அவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார். "ஆளுக்கொரு சுத்தியல் வாங்கணும் போலருக்கு."

அப்புறம்தான் அழுதாள். "பதர்னு சொன்னியேம்மா."

"குத்துன எடம் தப்புடி."

மதியம் விண்ணப்பம் போட்டாயிற்று. திருச்சி. ஜியாலஜி.

எழுதிவைக்கிறேன், யாரும் பார்க்கப்போவதில்லை. நெஞ்சில் ஒரு பக்கம் வலிக்கிறது. எனக்குப் பிறகு கடையில் யார் என்று தெரியவில்லை. கட்டி எழுப்பியதை யாருக்கோ கைமாற்றிவிட்டுப் போக வேண்டியிருக்கும். வேலை கிடைக்குமா, தெரியாது. வெயிலில் கறுத்துப்போவாள், தெரியும். இதில் லாபம் என்ன என்று ஒருவர் கேட்டால் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அந்தக் கறுத்த பக்க ஓரத்தை நான் பார்த்துவிட்டேன். பார்க்காத மாதிரி இருக்க எனக்கு வராது.

மே 10

தூறல். மண்வாசனை.

ஐம்பது என்று மைக்கில் சொன்னது சொன்னதுதான். இரண்டு போக நாற்பத்தெட்டு. என் வேகத்துக்கு இந்த வருடம் நடக்காது. அடுத்த வருடம் விழாவுக்குக் கூப்பிட்டால் எத்தனை முடிந்ததோ அத்தனை சொல்லுவேன். கூப்பிடாவிட்டாலும் போய்ச் சொல்லுவேன்.

ஜமீலா மேடம்: "இந்தத் தடவ மெலிசா வேணுமா?"

"தடிமன் பரவாயில்லீங்க."

ராஜா கதையை மறுபடி எடுத்தேன். அந்தக் கல்யாணம் யாருக்கு என்று தெரிந்தாக வேண்டும்.

மே 17

அதிகாலையிலேயே கிளம்பி வேலுசாமி அண்ணன் காடு. சோளம் வாங்க இல்லை. கயல், நான், அவர். கிணற்று மேட்டில் கொட்டிய மண் மழையில் கழுவிக் கிடக்கிறது. நடக்க நடக்கச் சிப்பி. கால் வைக்கவே கூச்சம். செருப்பைக் கழற்றிவிட்டேன், இந்தத் தடவை தெரிந்தே.

"சுடும்மா, போட்டுக்க," என்றாள் கயல். போடவில்லை.

குனிந்து ஒன்று எடுத்தேன். இரண்டு ஓடும் மூடியபடி, முழுசாக. வாயைத் திறக்காமலே போய்விட்ட ஒன்று. உள்ளே அந்தக் கடலில் ஒரு சொட்டு இருக்குமோ என்னவோ. மண்ணைத் துடைத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன்.

"யம்மா! என்ன பண்ற!"

வேலுசாமி அண்ணன் அவரைப் பார்க்க, அவர் வானத்தைப் பார்த்தார்.

"உப்பு இருக்கான்னு பாத்தேன்."

"இருக்கா?"

"இல்ல. ஆனா ஒட்டுது."

கயல் சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "கல்லுப் படிப்புல இது நெசமாவே உண்டும்மா. நாக்குல வச்சுத்தான் பாப்பாங்களாம்." மண்ணைக் கிளறி இன்னொன்று எடுத்தாள், பாதி உடைந்தது. துப்பட்டாவால் துடைத்து, தன் நாக்கில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம். அப்புறம் என்னிடம் நீட்டினாள்.

"இதப் பாரு. இது வேற."